குறைநடிப்பு என்னும் குறைச்சொல்

பழைய அமெரிக்க நீதிமன்றத் தொடர்களைப் பற்றிய ஒரு பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசியவர் விஷயம் தெரிந்தவர். ‘லா அண்ட் ஆர்டர்’ தொடரின் முதல் நான்கு சீசன்களில், 1990 முதல் 1994 வரை, பென் ஸ்டோன் என்ற அரசுத் தரப்பு வழக்கறிஞராக வந்த மைக்கேல் மோரியார்ட்டியை வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தார். நடுவில், “அவருடைய குறைநடிப்புதான் அந்தத் தொடரின் பலம்” என்றார். அதற்குமேல் கேட்க முடியவில்லை. ஒருவரைப் பாராட்டும்போதுகூட அவரிடம் குறை இருப்பதாகச் சொல்லித்தான் பாராட்ட வேண்டுமா?

முதல் முறையாக இருந்தால் நாக்குப் பிசகு என்று விட்டிருப்பேன். விமரிசனங்களில் பார்த்தாகிவிட்டது, மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் பார்த்தாகிவிட்டது. இப்போது காதிலும் விழுந்துவிட்டது.

‘அண்டர்ப்ளே’ என்ற ஆங்கிலச் சொல்லுக்காக வந்த ஆக்கம் இது. அண்டர் என்றால் கீழ், ப்ளே என்றால் நடிப்பு அல்லது ஆட்டம். உணர்ச்சியை வேண்டுமென்றே தணித்துக் காட்டும் நடிப்பைக் குறிக்கும். சீட்டாட்டத்திலும் இதே சொல் உண்டு: பெரிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே சிறிய சீட்டை இறக்குவது. வேர் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். ஆனால் அந்தச் சீட்டை மறக்க வேண்டாம், கடைசிவரை தேவைப்படும்.

‘ஓவர் ஆக்டிங்’ என்பதற்கு மிகைநடிப்பு என்று முன்பே ஒரு சொல் அமைந்துவிட்டது. நல்ல சொல், பார்த்தவுடன் புரியும். வந்தது வினை அங்கேதான். ஓவருக்கு மிகை என்றால் அண்டருக்குக் குறை என்று யாரோ தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். அகராதியில் தட்டுகள் சமமாக நின்றுவிட்டன. நடிப்பில் நிற்கவில்லை. மிகையாக நடிப்பவர் அளவு தவறுகிறார், அது பிழை. அடக்கி நடிப்பவர் எதையும் தவறவிடவில்லை, அது திறமை. பிழைக்கும் திறமைக்கும் ஒரே அச்சில் சொல் வார்த்தால் திறமையும் பிழையாகத்தான் கேட்கும்.

தமிழில் ‘குறை’ ஒரு சொல்லின் முன்னால் வந்து நின்றால் என்ன ஆகிறது என்று பாருங்கள். குறைப்பிரசவம், குறைமதி, குறைகுடம். எல்லாவற்றிலும் இருக்க வேண்டியது இல்லை. குறைகுடத்துக்கோ தனியாக ஒரு பழமொழியே இருக்கிறது: நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? தமிழ் வழக்கில் குறை உள்ளதுதான் கூத்தாடுகிறது, அதாவது மிகையாக நடிக்கிறது. ஆடாமல் அசையாமல் இருப்பது நிறைந்தது. இந்தச் சொல்லை ஆக்கியவர் பழமொழியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார், குடத்தில் இருந்த தண்ணீரும் போயிற்று.

என் நண்பர் ஒருவர் இந்தச் சொல்லுக்கு வக்காலத்து வாங்குகிறார். “உப்பைக் குறைத்துப் போடு என்கிறோம், உப்பே இல்லை என்றா பொருள்? குரலைக் குறைத்துப் பேசு என்றால் ஊமையாக இரு என்றா பொருள்?” என்று கேட்டார். நியாயமான வாதம்தான். ஆனால் அது ‘குறைத்து நடிப்பது’ என்பதற்கான வாதம். குறைத்தல் ஒருவர் செய்யும் செயல். அங்கே கை இருக்கிறது, கணக்கு இருக்கிறது. குறைதல் தானாக நேர்வது. ‘குறைநடிப்பு’ என்று தொகையாக்கினால் குறைகுடத்தைப் போலத் தன்வினையாகத்தான் விரியும்: குறைந்த நடிப்பு. செய்பவரின் கையை வெட்டிவிட்டுச் செயலை மட்டும் எப்படிப் பாராட்டுவது? நண்பர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை, பேச்சைத்தான் மாற்றினார்.

இலக்கணச் சண்டை என்று இதை ஒதுக்க முடியாது. நீதிமன்றத் தொடர்களைப் பார்ப்பவர்கள் சில நடிகர்கள் விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிவதற்கும், பிரிந்தவர்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமல் நிற்பதற்கும் இந்தக் குழப்பத்தில் பங்கு உண்டு. வழக்கறிஞரே ஒரு வகையில் நடிகர். சாட்சிக்கூண்டில் இருப்பவரை மிரட்டுவார், பன்னிரண்டு ஜூரிகளின் முன்னால் உருகுவார், அடுத்த நொடி இருக்கையில் அமர்ந்து தாளைப் புரட்டுவார். அந்த வேடத்தை ஏற்பவர் நடிக்கிற ஒருவரை நடிக்க வேண்டும். ஜூரிக்காகக் காட்டும் கோபம் எது, உள்ளே இருக்கும் கோபம் எது என்பது அவருக்குத் தெரிந்தால் போதாது, நமக்கும் தெரிய வேண்டும்.

மோரியார்ட்டி சாட்சியை “சார்” என்று மரியாதையாக அழைப்பார். அந்த மரியாதைக்குள் கத்தி இருக்கும். 1994இல் அவருடைய இடத்துக்கு வந்த சாம் வாட்டர்ஸ்டன், ஜாக் மெக்காய் என்ற வேடத்தில், புருவம் ஏற, குரல் ஏற, அறச்சீற்றத்தோடு வாதாடுவார். இவரைப் பிடித்தவர்களுக்கு அவர் உப்புச்சப்பு இல்லாதவர், அவரைப் பிடித்தவர்களுக்கு இவர் மேடைப் பேச்சாளர். ஆனால் இருவர் கையிலும் சீட்டு இருந்தது. ஒருவர் இறக்கினார், ஒருவர் வைத்துக்கொண்டார். இந்தச் சண்டை ருசி பற்றியது, தீர்க்கவே வேண்டாம்.

எலிசபெத் ரோம் விஷயம் அப்படியல்ல. 2001 முதல் 2005 வரை மெக்காயின் உதவி வழக்கறிஞர் செரீனா சதர்லினாக அதே தொடரில் நடித்தார். மரம் மாதிரி நிற்கிறார் என்று ஒரு கட்சி, அந்தக் குளிர்ச்சிதான் பாத்திரம் என்று இன்னொரு கட்சி. அவருடைய கடைசி அத்தியாயத்தில் மேலதிகாரி வேலையைவிட்டு நீக்கும்போது, தான் பெண்களை விரும்பும் பெண் என்பதாலா என்று கேட்கிறார். இல்லை என்கிறார் அதிகாரி. அத்தனை ஆண்டுகளில் அதற்கு ஒரு குறிப்பும் வைக்காத தொடர் அது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். ‘பார்த்தீர்களா, இவ்வளவு காலமும் உள்ளே அடக்கி வைத்திருந்தார்’ என்பது ஒரு கட்சி. ‘எழுதியவர்களே கொடுக்காத சீட்டை அவர் எப்படிக் கையில் வைத்திருக்க முடியும்?’ என்பது மறுகட்சி. எனக்கு இரண்டாவது கட்சியின் கேள்விதான் சரியாகப் படுகிறது, ஆனால் அதற்கான பழியை நடிகையின் தலையில் போட மாட்டேன். எப்படியானாலும் கேள்வி ஒன்றுதான்: சீட்டு இருந்ததா, இல்லையா? ‘குறைநடிப்பு’ என்றால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. இருந்து மறைத்தவரையும் இல்லாமல் நின்றவரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது அந்தச் சொல்.

மாற்றாகச் சிலர் ‘இயல்பான நடிப்பு’ என்கிறார்கள். அது வேறு. இயல்பாக ஓங்கி அழுபவரும் உண்டு. ‘மிகையற்ற நடிப்பு’ என்பதும் பரவலாக இருக்கிறது, பாவம், தீங்கில்லாத சொல். ஆனால் என்ன இல்லை என்று மட்டும் சொல்கிறது, என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. தவிர, ‘பாஸ்டன் லீகல்’ தொடரில் தன் பெயரைத் தானே முழங்கித் திரியும் டெனி கிரேன் என்ற வழக்கறிஞராக வில்லியம் ஷாட்னர் செய்ததற்கு 2005இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. மிகை என்றாலே தள்ளுபடி என்பவர்கள் அதற்கு என்ன சொல்வார்கள்?

என் தேர்வு அடக்க நடிப்பு. வினையாக வேண்டுமென்றால் அடக்கி நடித்தல். இதற்கு அகராதியைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாடுபவரின் குரல் எடுபடுவதற்காக மிருதங்கக்காரர் அடக்கி வாசிக்கிறார் என்கிறோம். வாசிக்கத் தெரியாதவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘அடங்கு’ என்பதற்குத் தணிதல் என்றும் பொருள், உள்ளே இருத்தல் என்றும் பொருள். இந்தப் பெட்டியில் பத்துப் புத்தகங்கள் அடங்கும் என்கிறோமே, அதே அடங்குதல். சீட்டு கையில் இருப்பதும் அதை இறக்காமல் இருப்பதும் ஒரே சொல்லில் கிடைத்துவிடுகின்றன. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில், எட்டு மெய்ப்பாடுகளுக்கு அப்பால் தரும் முப்பத்திரண்டின் வரிசையில், அடக்கமும் ஒன்று. அதே வரிசையில் மிகையும் இருக்கிறது. அங்கே மிகைக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் வேறு என்றாலும், இரண்டையும் ஒரே பட்டியலில் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

சீட்டே இல்லாதவருக்கும் சொல் வேண்டுமே? மரத்த நடிப்பு என்று சொல்லலாம். ‘மரம் மாதிரி’ என்று எல்லோரும் சொல்வதும் அதில் இருக்கிறது, கால் மரத்துப்போவதும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. ஒரு தொடரின் சப்டைட்டிலில், தன் தரப்பு வாதத்தை முடித்துக்கொண்டு உட்காரும் வழக்கறிஞர், “என் வழக்கு ஓய்வெடுக்கிறது” என்கிறார். வாதம் முடிந்தது என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஐ ரெஸ்ட் மை கேஸ்’தான் இப்படி ஆகியிருக்கிறது. நடிகர் எவ்வளவு அடக்கி நடித்து என்ன பயன்? கீழே ஓடும் எழுத்து கூத்தாடிக்கொண்டிருக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்ப்பவருக்கு அவர் நல்ல நடிகராகத் தெரிவாரா?

இதையெல்லாம் எழுதி நண்பருக்கு அனுப்பினேன். “அடக்கம் என்றால் புதைப்பது என்றும் பொருள் உண்டே, சில பேருடைய நடிப்பு நல்லடக்கம்தான்” என்று பதில் வந்தது. சிரித்துவிட்டேன். ஆனால் கவனித்தீர்களா, சண்டை போடுவதற்குக்கூட அவர் என் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்.