காபி குடித்த வெறும் வயிறு

போன மாதம் அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 148. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அளவுகோலும் இருந்தது: 126, அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். ஐந்து நிமிடத்தில் வீடு மாறிவிட்டது. அம்மா சர்க்கரை டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டார். தம்பி போனில் கேழ்வரகு, வெந்தயம், நடைப்பயிற்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்பா, அன்னைக்குக் காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடலையே. காபி மட்டும்தான் குடிச்சேன்."

"சர்க்கரை போட்டா?"

"சர்க்கரை போடாம எப்படிக் குடிக்கிறது?"

ரத்தம் எடுத்த இடத்தில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. "காபி சாப்பிடுங்க" என்று உபசரிக்கிற ஊர்தான் நம்முடையது; ஆனாலும் வெறுமனே "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் காபியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஐந்து நிமிடத்தில் எங்கள் வீட்டில் நடந்த யோசனையை எடுத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். அப்பாவுக்கு வெறும் வயிற்றில் 148. ஆகவே அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இதில் ஒரு கண்ணியும் அறுந்திருக்கவில்லை. தர்க்கம் சுத்தமாக இருந்தது. வயிறுதான் வெறுமையாக இல்லை.

தர்க்கச் சிந்தனை, விமர்சனச் சிந்தனை என்ற இரண்டையும் பலர் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். "லாஜிக்கா யோசி" என்று சொன்னால் இரண்டும் அதிலேயே அடங்கிவிடும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலில் தர்க்கம் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

மீன்கள் எல்லாம் மரம் ஏறும். நெத்திலி ஒரு மீன். ஆகவே நெத்திலி மரம் ஏறும். படித்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் தர்க்கப்படி இது செல்லுபடியாகும் வாதம். முதல் இரண்டு வரியையும் ஒப்புக்கொண்டவர் மூன்றாவதை மறுக்கவே முடியாது. தர்க்கத்தின் கவனம் எல்லாம் அந்த "ஆகவே" மேல்தான். மீன் மரம் ஏறுமா என்று அது கேட்பதில்லை. அது அதன் வேலையும் இல்லை.

இப்போது இன்னொன்று. உயிருள்ளவை எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே ரோஜாச் செடிக்கு உயிர் உண்டு. முதல் வரி சரி, இரண்டாவது சரி, முடிவும் சரி. ஆனால் வாதம் தவறு. நம்பிக்கை வரவில்லை என்றால் ரோஜாவை எடுத்துவிட்டு, புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்தை அந்த இடத்தில் வையுங்கள். அதற்கும்தான் நாள்கணக்கில் தண்ணீர் கட்டுகிறோம். அதற்கு உயிர் வந்துவிடுமா?

நெத்திலி வாதத்தைத் தவறு என்றும் ரோஜா வாதத்தைச் சரி என்றும் சொல்லத் தோன்றுவது இயல்பு. ஜொனாதன் எவன்ஸ் என்ற உளவியலாளர், பார்ஸ்டன், பொல்லார்ட் என்ற இருவரோடு சேர்ந்து 1983-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. தர்க்கப்படி தவறான வாதங்களைக் கொடுத்து, இவை சரியா என்று கேட்டார்கள். முடிவு நம்பும்படியாக இருந்தபோது பத்தில் ஏறக்குறைய ஏழு பேர் சரி என்றார்கள். அதே அளவு தவறான வாதம் நம்ப முடியாத முடிவைக் கொடுத்தபோது, சரி என்றவர்கள் பத்தில் ஒருவர்தான். முடிவு பிடித்திருந்தால் வழியை நாம் பார்ப்பதே இல்லை. இதற்கு உளவியலில் நம்பிக்கைச் சாய்வு என்று பெயர்.

சரி, விமர்சனச் சிந்தனை? அந்தச் சொல்லே கொஞ்சம் இடறுகிறது. விமர்சனம் என்றாலே நமக்குக் குறை சொல்வதுதான் ஞாபகம் வரும். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் சொல்லின் வேர் ஒரு கிரேக்க வினைச்சொல். பிரித்தெடுத்தல், தீர்மானித்தல் என்று பொருள். முறத்தில் அரிசி புடைக்கிற அம்மாவை நினைத்துக்கொண்டால் போதும். அவர் அரிசியைக் குறை சொல்லவில்லை. உலையில் போடப்போவது எது, ஒதுக்க வேண்டியது எது என்று பார்க்கிறார். தர்க்கம் சமையல் முறை என்றால் இது அதற்கு முந்திய வேலை. இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? யார் எப்படி அளந்தார்கள்? சொல்லாமல் விட்டது எது? இதே தகவலுக்கு வேறு விளக்கம் உண்டா? அப்புறம், எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கேள்வி: இந்த முடிவு உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா?

இந்த வேறுபாடு நமக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையில் காஞ்சி நகரத்தில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்கு அளவை முறைகளை, அதாவது ஒன்றைச் சரியாக அறியும் வழிகளை, சொல்லிக்கொடுக்கும் காதை ஒன்று வருகிறது. காப்பியத்தின் 29-ஆம் காதை. கதைக்காகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் அது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையில் பார்க்கிறோமே அதுபோல. இந்த மலையில் புகை தெரிகிறது. ஆகவே இந்த மலையில் நெருப்பு உண்டு. இது முறையான அனுமானம். அதோடு நிறுத்தாமல், அனுமானம் எங்கெல்லாம் பொய்த்துப்போகும் என்று போலிகளின் நீண்ட பட்டியலும் வருகிறது. அதில் ஏதுப் போலி, அதாவது காட்டும் காரணமே போலியாக இருப்பது, ஒன்று: கண்ணில் படுவது ஆவியா, பனியா என்ற சந்தேகம் தீராமல் இருக்கும்போதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிந்துவிடுவது.

மார்கழிக் காலையில் மலையடிவாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பள்ளத்தாக்கிலிருந்து எழும் வெண்மூட்டம் அசல் புகை போலவே மேலேறும். "புகை இருந்தால் நெருப்பு" என்ற விதியில் பழுதில்லை. பழுது, பார்த்ததற்கு வைத்த பெயரில் இருக்கிறது. அப்பாவின் ரிப்போர்ட்டில் "வெறும் வயிறு" என்று அச்சாகியிருந்ததைப் போல.

எங்கள் வீட்டில் ஒரு சாயங்காலக் கவலையோடு போய்விட்டது. இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போயிருக்கிறது.

சாலி கிளார்க் ஒரு வழக்கறிஞர். 1996 டிசம்பரில் அவருடைய முதல் ஆண் குழந்தை 11 வார வயதில் திடீரென்று இறந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவது குழந்தையும் 8 வார வயதில் இறந்தது. தாயே கொன்றுவிட்டார் என்று வழக்குத் தொடுத்தார்கள். 1999-ல் நடந்த விசாரணையில், ராய் மெடோ என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர் சாட்சிக் கூண்டில் ஒரு கணக்கைச் சொன்னார். புகைபிடிக்காத, வருமானம் உள்ள, தாய்க்கு 26 வயதுக்கு மேல் ஆன குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணம் நடக்க வாய்ப்பு 8543-ல் ஒன்று. ஒரே குடும்பத்தில் இரண்டு முறை நடக்க வேண்டுமானால் 8543-ஐ 8543-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 7.3 கோடியில் ஒன்று. நடுவர் குழுவில் பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். ஆயுள் தண்டனை.

பெருக்கலில் பிழையில்லை. நீங்களே போட்டுப் பாருங்கள், 7,29,82,849 வரும். ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளின் வாய்ப்புகளை இப்படிப் பெருக்க ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. வீட்டில் இரண்டு ஃபேன் ஒரே நாளில் கருகிப்போனால், "ஒரு ஃபேன் கருகுவதே அபூர்வம், இரண்டும் கருகுவது அபூர்வத்திலும் அபூர்வம், ஆகவே யாரோ சதி செய்திருக்கிறார்கள்" என்று யாரும் சொல்வதில்லை. வோல்டேஜ் ஏறியிருக்கும் என்போம். ஒரே லைனில் ஓடும் ஃபேன்களுக்குப் பொதுவான காரணம் இருக்கலாம். ஒரே பெற்றோரின் மரபணுவைப் பெற்று ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு குழந்தைகளுக்கு இருக்காதா? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே பெருக்கிவிட்டார்கள். இந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படையே இல்லை என்று 2001 அக்டோபரில் ராயல் புள்ளியியல் கழகம் வெளிப்படையாக அறிக்கை விட்டது.

இதைவிட ஆழமான குழி இன்னொன்றும் அதில் இருந்தது. அந்த எண் சரி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு இயற்கை மரணங்கள் அபூர்வம்தான். ஒரு தாய் தன் இரண்டு சிசுக்களை அடுத்தடுத்துக் கொல்வது மட்டும் தினமும் நடக்கிறதா? அதுவும் அபூர்வம். குழந்தைகள் இறந்துவிட்டார்கள் என்பது நடந்து முடிந்த விஷயம். ஆகவே இரண்டு அபூர்வங்களில் எது அதிக அபூர்வம் என்பதுதான் கேள்வி. சால்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ரே ஹில் அதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, இரட்டைக் கொலையைவிட இரட்டை இயற்கை மரணத்துக்கே பல மடங்கு வாய்ப்பு இருந்தது. லாட்டரியில் முதல் பரிசு விழ வாய்ப்பு பல லட்சத்தில் ஒன்று. அதற்காகப் பரிசு விழுந்தவரை எல்லாம் ஏமாற்றுக்காரர் என்று பிடித்துப் போடுவோமா?

மூன்றாவதாக, சொல்லாமல் விட்டது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவுகள் பிரேதப் பரிசோதனை செய்த நிபுணரிடம் இருந்தன. சாலி கிளார்க்கின் வக்கீல்களுக்கு அவை போகவே இல்லை. அவை வெளியே வந்த பிறகுதான், 2003 ஜனவரியில், மேல்முறையீட்டு நீதிமன்றம் சாலி கிளார்க்கை விடுவித்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். அந்தத் துயரத்திலிருந்து அவர் மீளவே இல்லை. 2007-ல் இறந்துபோனார்.

இந்த வழக்கைப் பற்றி எப்போது படித்தாலும் என்னை வாட்டுவது ஒன்றுதான். அந்த நீதிமன்றத்தில் முட்டாள்கள் யாரும் இல்லை. தர்க்கம் தெரிந்தவர்கள், படித்தவர்கள், சாலியின் தரப்பிலும் கெட்டிக்கார வக்கீல்கள். எண் அத்தனை பெரிதாக, அத்தனை திட்டமாக இருந்ததால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அமுங்கிப்போனது. தர்க்கத்தில் பழகிய மனதுக்கு இந்த ஆபத்து கூடுதலாகவே உண்டு என்று நினைக்கிறேன். ஒவ்வொரு படியும் சரியாக இருப்பது தரும் நிம்மதியில், முதல் படி எதன் மேல் நிற்கிறது என்று குனிந்து பார்க்கத் தோன்றாது.

எப்போது குனிந்து பார்க்கிறோம் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1992-ல் பீட்டர் டிட்டோ, டேவிட் லோபஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு காகிதத் துண்டை உமிழ்நீரில் நனைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நிறம் மாறாவிட்டால் நல்லது என்று ஒரு சாராரிடமும், மாறாவிட்டால் உடலில் ஒரு நொதி குறைவு, பின்னாளில் நோய் வரலாம் என்று இன்னொரு சாராரிடமும் சொல்லிவைத்தார்கள். அது சாதாரணக் காகிதம், நிறம் மாறவே மாறாது. நல்லது என்று கேட்டவர்கள் சீக்கிரம் பார்த்துவிட்டு எழுந்தார்கள். கெட்டது என்று கேட்டவர்கள் காத்திருந்தார்கள், திரும்ப நனைத்துப் பார்த்தார்கள். பிடிக்காத செய்தி வந்தால் நமக்குள் இருக்கும் விமர்சகர் விழித்துக்கொள்கிறார். பிடித்த செய்திக்கு அவர் தூங்குகிறார்.

யோசித்தால் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். 148-க்குப் பதில் 90 வந்திருந்தால், அன்று காலை என்ன குடித்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கவே மாட்டேன்.

அடுத்த வாரம் இரவு எட்டரைக்கே சாப்பாட்டை முடித்து, காலையில் தண்ணீர் மட்டும் குடித்து, மறுபடியும் பரிசோதனைக்குப் போனோம். 112 வந்தது. "126-க்குக் கீழதானே? அவ்வளவுதான், சரியாப் போச்சு" என்றார் அப்பா. மறுபடியும் பழுதில்லாத தர்க்கம். அம்மா டப்பாவைக் கீழே இறக்கக் கை நீட்டிவிட்டார். எனக்கும் ஆமாம் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் 126-க்குக் கீழே இருப்பதெல்லாம் ஒன்றாகிவிடுமா?

டாக்டரிடம் கேட்டோம். 100 முதல் 125 வரை எல்லைக்கோட்டு நிலை என்றார். ஒரு நாள் அளவை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட வேண்டாம் என்று சொல்லி ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக்கொடுத்தார். ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அதனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். ஒரு நாள் காலையில் குடித்ததும் குடிக்காததும் அதை அசைக்காது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்.

"அப்போ இந்த டெஸ்டுக்குக் காபி குடிச்சிட்டுப் போகலாமா?"

"போகலாம்ப்பா."