பட்டியல் உளுத்துப் போச்சு: லிஸ்ட் கண்ட்ரோல், ஒரு சொல் விளக்கம்

போன மழைக்கு கோத்தகிரி வீட்டுல ஓடு ஒழுக ஆரம்பிச்சுது. நான் கீழ உக்காந்து, தேயிலைக் கொழுந்து வாங்குற ஒரு ஏஜெண்டுக்கு புரோகிராம் எழுதிக்கிட்டு இருக்கேன், மேல ஏறிப் பாத்த ஆசாரி அங்கிருந்தே "தம்பி, பட்டியல் பூரா உளுத்துப் போச்சுங்க, மாத்தாம ஓடு நிக்காது"ன்னு கத்துறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது, ஏன்னா அந்த நேரத்துல என் ஸ்கிரீன்லயும் ஒரு பட்டியல்தான் உளுத்துக் கெடந்துச்சு, யார் யார் எத்தன கிலோ கொழுந்து போட்டாங்கங்கற பட்டியல், மவுஸ உருட்டுனா மினுக்கு மினுக்குன்னு கண்ணடிக்குது, கிலோ எல்லாம் இடது பக்கமா ஒட்டிக்கிட்டு நிக்குது.

ஆசாரி சொன்ன பட்டியல் வேற. சட்டத்துக்கு மேல குறுக்க வரிசையா அடிக்கிற ஒல்லி மரத்துண்டு, ரீப்பர்னும் சொல்லுவாங்க, அதுமேலதான் ஓடு உக்காரும். வேறன்னு சொல்லிட்டேன், ஆனா அன்னைக்கு ராத்திரி கரண்ட் போய் உக்காந்து யோசிச்சப்பதான் வேற இல்லன்னு புரிஞ்சுது.

ஸ்கிரீன்ல இப்படி வரிவரியா காட்டுற துண்டுக்கு இங்கிலீஷ்ல லிஸ்ட் கண்ட்ரோல்னு பேரு, புரோகிராம் எழுதுறவன் தன் இஷ்டத்துக்கு மாத்தி வரையற ரகம்னா கஸ்டமைசபிள் லிஸ்ட் கண்ட்ரோல். அத தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு ஒவ்வொரு சொல்லாப் பாப்போம். முதல்ல லிஸ்ட்ங்கற இங்கிலீஷ் சொல்ல எடுத்துக்குவோம். அதுக்கு முதல்ல இருந்த அர்த்தம் பேர் வரிசை கெடையாது. பழைய ஆங்கிலத்துல லிஸ்ட்னா துணியோட கரை, ஓரத்துல ஓடுற பட்டை. தோடர்களோட பூத்துக்குளி சால்வையில சிவப்பும் கறுப்புமா பட்டை ஓடும்ல, அப்படி ஒண்ணத்தான் அவங்க லிஸ்ட்னு சொல்லியிருப்பாங்க. இதே ஜெர்மானிய வேர்ச்சொல் இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் போயி நீளமா வெட்டுன காகிதத் துண்டுன்னு ஆச்சு, அப்புறம் அந்தத் துண்டுல எழுதுன பேர் வரிசைக்கே பேரா நின்னுபோச்சு. ஜெர்மன்காரங்க இன்னைக்கும் லைஸ்ட்டென்னா மரச்சட்டம், ரீப்பர்ங்கற அர்த்தத்துலதான் சொல்றாங்க. இன்னும் வேடிக்க என்னன்னா ஜெர்மன் விண்டோஸ்ல கீழ இருக்குற டாஸ்க்பாருக்குப் பேரு டாஸ்க்லைஸ்ட்டெ. நம்ம ஆசாரிய ஜெர்மனிக்குக் கூட்டிட்டுப் போனா கம்ப்யூட்டர் கத்துக்க ரொம்ப நாள் ஆவாது.

இப்ப தமிழுக்கு வாங்க. பட்டி, பட்டைன்னா நீளமான துண்டு, துணியோ தோலோ மரமோ. வடமொழியில பட்டிகான்னா துணித்துண்டு, கட்டு, பலகை. இந்தக் குடும்பத்துலதான் நம்ம பட்டியலும் நிக்குது. மரத்துண்டும் பட்டியல்தான், விலைப்பட்டியல், வாக்காளர் பட்டியலும் பட்டியல்தான். அங்க துணிக்கரையில கெளம்புன சொல்லும் இங்க ஓட்டுக்கூரையில ஏறுன சொல்லும் ஒண்ண ஒண்ணு பாத்துக்காமயே ஒரே எடத்துக்கு வந்து சேந்திருக்கு. அதனால லிஸ்டுக்குத் தமிழ்ல பட்டியல்னு சொல்றது யாரோ குழு போட்டு உக்காந்து செஞ்ச மொழிபெயர்ப்பு மாதிரி எனக்குத் தெரியல, சரியான ஜோடி.

ஒரு எச்சரிக்கை. நீலகிரியில ஹட்டி ஹட்டின்னு படுகர் ஊருங்க இருக்கு. அந்த ஹட்டியும் நம்ம ஊர்ப்பேருல வர்ற பட்டியும் ஒண்ணுதான், பால் ஹாலு ஆன மாதிரி, பல்லு ஹல்லு ஆன மாதிரி பகரம் ஹகரம் ஆயிருக்கு. ஆனா அது மாட்டுப்பட்டி, ஆட்டுப்பட்டி, குடியிருப்புங்கற பட்டி. பட்டியலோட பட்டி கெடையாது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதீங்க, நானே ஒரு நாள் பூரா கொழம்பித் திரிஞ்சேன்.

மலையில பட்டியல்னு வாயத் தெறந்தாலே பாதிப் பேருக்கு வேற ஒண்ணுதான் ஞாபகம் வரும், பழங்குடிப் பட்டியல். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாம் அதுல இருக்காங்க, படுகர் சமூகம் தங்களையும் சேக்கணும்னு ரொம்ப காலமா கேட்டுக்கிட்டு இருக்கு. அரசியல விடுங்க, சொல்ல மட்டும் பாருங்க. அங்க இங்கிலீஷ்ல லிஸ்ட் இல்ல, ஷெட்யூல். அது லத்தீன் ஷெடுலா, பப்பைரஸ் தாள்ல கிழிச்ச சின்னத் துண்டு. திரும்பவும் துண்டுதான்! எந்தப் பக்கம் போனாலும் ஒரு துண்டுச்சீட்டு வந்து நிக்குது.

சரி கண்ட்ரோல்? இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். கண்ட்ரோல்னா அடக்குறது, கட்டுப்படுத்துறதுன்னுதான நெனைக்கிறோம், அதோட பிறப்பப் பாத்தா இடைக்கால லத்தீன்ல கான்ட்ரா, ரோட்டுலஸ்னு ரெண்டு சொல்லு, எதிர்ச் சுருள்னு அர்த்தம். கணக்கெழுதுன சுருளுக்கு எதிரா இன்னொரு ஆளு ரெண்டாவது சுருள் ஒண்ணு வெச்சிருப்பாரு, ரெண்டையும் ஒத்துப் பாத்து திருட்டுத்தனம் இருந்தா புடிக்கிறது. எஸ்டேட்ல வேல செஞ்ச குடும்பத்துல யாராச்சும் இத படிச்சா சிரிப்பாங்க, ஏன்னா அவங்களுக்கு இது செக்ரோல். காலைல பெரட்டுல, அதாவது ஆள் கணக்கெடுக்குற எடத்துல, பேர் கூப்பிட்டு, யாரு வேலைக்கு வந்தது, எத்தன கிலோ எடுத்ததுன்னு பதியுற செக்ரோல் புத்தகம். 1964ல போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து கூடலூர், கோத்தகிரி பக்கம் வந்தவங்க வாயிலயும் அதே சொல்லுதான். கண்ட்ரோலும் செக்ரோலும் உள்ளுக்குள்ள ஒரே கருத்து, சரிபாக்குற சுருள். ஆக லிஸ்ட் கண்ட்ரோல்ங்கறத வேர் வரைக்கும் தோண்டுனா துண்டும் சுருளும், அதாவது ஒரு கணக்குப்புள்ளையோட மேசை.

ஐட்டமும் சும்மா இல்ல. லத்தீன்ல ஐட்டம்னா 'அதேபோல', 'மேலும்'. பழைய உயில், சாமான் கணக்குல ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஐட்டம், ஐட்டம்னு போட்டுக்கிட்டே போவாங்க, போகப்போக அந்த வரியையே ஐட்டம்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம ஆளுங்க அதே எடத்துல மேற்படின்னு போட்டாங்க, அதுக்குன்னு தனி எழுத்தே இருக்கு: ௸. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. யூனிகோட்ல 2003ல இதெல்லாம் ஏறிருச்சு. நம்மகிட்ட மேற்படி மேற்படியாவே நின்னுக்கிச்சு, பொருளுக்கு உருப்படின்னு தனிச்சொல் இருந்ததால. சலவைக்குப் போடுறப்ப பன்னெண்டு உருப்படின்னு எண்ணுவோம்ல, அந்த உருப்படி. லிஸ்ட் ஐட்டத்துக்கு இதவிட நல்ல சொல்லு எனக்குத் தெரியல.

இப்ப பொருளுக்கு வருவோம், அதாவது கம்ப்யூட்டர்ல இது என்ன செய்யுது. விண்டோஸ்ல ரொம்ப காலமாவே லிஸ்ட் பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஒரு பெட்டிக்குள்ள வரிவரியா எழுத்து, ஒண்ணத் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம், அவ்ளோதான். தமிழ்ல பட்டியல் பெட்டி. 1995ல விண்டோஸ் 95 கூட லிஸ்ட் வியூ வந்துச்சு, இது கொஞ்சம் பெரிய ஆளு, ஒரே சரக்க பெரிய ஐகானாவும் காட்டும், சின்ன ஐகானாவும் காட்டும், வெறும் பேராவும் காட்டும், தலைப்புப் போட்டு பத்தி பத்தியாவும் பிரிச்சுக் காட்டும். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி ரகம்: பேரு, ஊரு, கிலோ, ரேட்டு, அட்வான்ஸ்.

ஏஜெண்ட் அண்ணன் சும்மா இருந்தா சரி, அவரு "அட்வான்ஸ் பாக்கி இருக்குறவங்க வரி செவப்பா தெரியணும், கிலோவுக்குப் பக்கத்துல ஒரு கோடு நீளணும், நெறைய போட்டவங்களுக்கு நீளமா, கொஞ்சம் போட்டவங்களுக்குக் குட்டையா"ன்னுட்டாரு. இங்கதான் ஓனர் ட்ரான்னு ஒண்ணு வருது. ஓனர்னதும் புரோகிராம் வாங்குன ஏஜெண்டோ, உபயோகிக்கிற ஆளோன்னு நெனச்சுறாதீங்க. அந்த லிஸ்ட் எந்த விண்டோவுக்குச் சொந்தமோ அந்த விண்டோதான் ஓனர். வாடகை வீடு மாதிரி வெச்சுக்கங்க, குடியிருக்கறவன் லிஸ்ட், செவுத்துக்கு அவனா பெயிண்ட் அடிக்க மாட்டான், ஒவ்வொரு செவுரா காட்டி "ஓனர், இது உங்க வேல"ம்பான், ஓனர் வந்து அடிக்கணும். நான் புரோகிராம் எழுதுறது மைக்ரோசாஃப்டோட டாட்நெட்ல, அதுல லிஸ்ட் வியூவுக்கு இந்த ஓனர் ட்ரா 2005ல வந்த 2.0லதான் சேந்துச்சு. தலைப்புக்கு ஒண்ணு, வரிக்கு ஒண்ணு, கட்டத்துக்கு ஒண்ணுன்னு மூணு ஈவெண்ட் அடிக்கும், ஒவ்வொண்ணுக்கும் நாம போய் பெயிண்ட் அடிச்சுட்டு வரணும், ஒண்ண விட்டா அந்த எடம் வெள்ளையா இளிக்கும்.

ஸ்கிரீன் செய்யுற வேற கருவிங்களும் இருக்கு. ஜாவா ஸ்விங்ல இதுக்கு ரெண்டரர், ஒரே ஒரு துண்டு இருக்கும், அத ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒவ்வொரு வரியிலயும் குத்திக்கிட்டே போகும். க்யூட்டில டெலிகேட்னு தனியா ஒரு ஆளு வரையறாரு. டபிள்யூபிஎஃப்ல வரையற சோலியே பெரும்பாலும் இல்ல, வரி எப்படி இருக்கணும்னு ஒரு அச்சு எழுதிக் குடுத்துட்டா அதுவே வார்த்துக்கும்.

என்னைய அழவெச்சது தமிழ் எழுத்து. பேரு நீளமா இருந்தா கட்டத்துக்குள்ள அடங்காது, நான் புத்திசாலித்தனமா எழுத்த எண்ணி இருபதாவதுல வெட்டி மூணு புள்ளி வெச்சேன். கம்ப்யூட்டருக்கு கொ-ங்கறது ஒரு எழுத்து இல்ல, க ஒண்ணு, அதோட ஒகரக் குறி ஒண்ணு, மொத்தம் ரெண்டு. நடுவுல கத்தி விழுந்தா கொ வெறும் க ஆயிரும். அப்படித்தான் ஒருத்தரோட ஊரு பாதில அறுந்து வேற ஊரா மாறி நின்னுச்சு, ஏஜெண்ட் அண்ணன் ஒரு மாதிரியா பாத்தாரு. நாமளா வெட்டாம, டெக்ஸ்ட் வரையற ஃபங்ஷன்கிட்டயே 'எடம் பத்தலன்னா கடைசில புள்ளி வை'ன்னு சொல்லிட்டா அது எழுத்து உடையாம பாத்துக்கும். ஃபாண்டுக்கு பழைய மிஷின்ல லதா, விண்டோஸ் 8க்கு மேலன்னா நிர்மலா யுஐ.

கிலோ இடதுபக்கம் ஒட்டுனதுக்குக் காரணம் லிஸ்ட் வியூவோட முதல் பத்தி எப்பவும் இடதுதான், அப்படித்தான் வெச்சிருக்காங்க. நான் கிலோவத்தான் முதல் பத்தியா போட்டிருந்தேன். சும்மா ஒரு பத்திய முன்னாடி நொழச்சு அகலத்த சைபர் ஆக்கிட்டா, கிலோ ரெண்டாவதாயி வலதுக்கு வந்துரும். வரியோட உயரத்த மாத்த நேரடியா வழியே இல்ல, உயரமான ஐகான் இருக்குற ஒரு பட வரிசைய அதுக்கு மாட்டிவிட்டா வரி தானா உயரும். மினுக்கல் டபுள் பஃபர்ல போச்சு, அதாவது வெளிய வரைஞ்சு வெச்சுட்டு மொத்தமா கொண்டுவந்து ஒட்டுறது.

ஒரு வருசக் கணக்கு மொத்தமா ஏத்துனா வரி லட்சத்தத் தாண்டுது, நத்த மாதிரி ஊருது. அதுக்கு வெர்ச்சுவல் மோட்: மொத்தம் எத்தன வரின்னு மட்டும் சொல்லிட்டா போதும், கண்ணுக்குத் தெரியுற வரி எதுவோ அத மட்டும் அது கேக்கும், நாம எடுத்துக் குடுக்கணும். கொழுந்து நிறுக்குற லீஃப் ஷெட்ல இருக்குற கிளார்க்கு புத்தகத்த முழுசா ஒப்பிக்க மாட்டாரு, கேட்ட பக்கத்தத்தான் தெறப்பாரு. ஆனா இந்த மோட்ல தேர்ந்தெடுத்த உருப்படிங்களக் குடுன்னு கேட்டா எரர் அடிக்கும், தேர்ந்தெடுத்த வரி எண்ணைத்தான் கேக்கணும். இது தெரியாம ஒரு ஞாயித்துக்கெழம போச்சு.

கஸ்டமைஸ்ங்கற சொல்லு மிச்சம். இங்கிலீஷ்ல கஸ்டம்னா வழக்கம், வழக்கமா வந்து வாங்குறவன் கஸ்டமர், அவனுக்குன்னு அளவெடுத்து செஞ்சது கஸ்டம். நம்மகிட்ட வாடிக்கை, வாடிக்கையாளர்னு அச்சு அசலா அதே ஜோடி இருக்கு, இருந்தும் யாரும் வாடிக்கைப் பட்டியல்னு சொல்ல மாட்டோம், சொன்னா பால்காரர் நோட்டுன்னு நெனச்சுக்குவாங்க. தமிழ் மென்பொருள்ல கஸ்டமைஸ்னா தனிப்பயனாக்குன்னு போடுறாங்க. உபயோகிக்கிறவங்க தனக்கு வேண்டிய மாதிரி நிறம் மாத்திக்கறதுக்கு அது பொருந்தும். நான் கோடு வரைஞ்சது அது இல்லையே, அங்க மாத்துறது புரோகிராம் எழுதுறவன். அதனால இந்த எடத்துக்கு நான் 'மாற்றியமைக்கத்தக்க'ன்னுதான் எழுதுவேன், நீளம்தான், பரவால்ல.

கண்ட்ரோலுக்குக் கட்டுப்பாடுன்னு போட்டா எனக்கு ஊட்டி ரோட்டுல ஈ-பாஸ் செக்கிங் ஞாபகம்தான் வருது. படிவத்துல இருக்குற ஒவ்வொரு துண்டும் ஒரு வேல செய்யுது, பட்டன் ஒண்ணு, பெட்டி ஒண்ணு, லிஸ்ட் ஒண்ணு, அதனால உறுப்புன்னு சொன்னா போதும்ங்கறது என் கட்சி. ஆக மாற்றியமைக்கத்தக்க பட்டியல் உறுப்பு. பேச்சுல பட்டியல் உறுப்புன்னாலே வெளங்கிரும். ரோவுக்கு நிரை, காலம்ங்கற (column, நேரம் இல்ல) இங்கிலீஷ் சொல்லுக்கு நிரல், கணக்குப் பாடத்துல அணிகள் படிச்சவங்களுக்குப் பழக்கமானதுதான், ஆனா கம்ப்யூட்டர்ல நிரல்னா புரோகிராமும்கூட, 'நிரல்ல நிரல மாத்து'ன்னா யாருக்கு வெளங்கும், அதனால அந்த இங்கிலீஷ் காலத்துக்கு மட்டும் நான் பத்தின்னு போட்டுக்குறேன்.

ஆசாரி மூணு நாள்ல வேலைய முடிச்சுட்டு துண்டுச்சீட்டு ஒண்ணு நீட்டுனாரு, சட்டம் 4, ஆணி ஒரு கிலோ, நாலு ஆள் கூலி, அதுக்கு நடுவுல பட்டியல் 22 உருப்படி.