'2 எம்பி லைன்'னு மட்டும் எழுதி ஆர்டர் போட்டுறாதீங்க

திருநெல்வேலி, தென்காசி பக்கம் ஆபீஸ், ஆஸ்பத்திரிக்கெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாட்டிக்குடுக்குறது என் வேலை. திரும்பத் திரும்ப பாக்குற தப்பு ஒண்ணு, ஆர்டர் ஃபார்ம்ல வெறும் '2 எம்பி லைன்'னு (டெலிபோன் கம்பெனிகிட்ட வாங்குற ஈ1 லைன்தான் அது) எழுதி கையெழுத்து போட்டுருதாங்க.

வண்ணார்பேட்டைல ஒரு ஆஸ்பத்திரில லைன் வந்தாச்சுன்னு கூப்பிட்டாங்க, போய் சொருகுனா எக்ஸ்சேஞ்ச் கார்டுல ஃப்ரேம் அலாரம் செவப்பு லைட்டு (சிக்னல் வருது, ஆனா அதுல ஃப்ரேம், அதாவது சேனல் பிரிச்ச அடுக்கு, இல்லன்னு அர்த்தம்) அணையவே இல்ல. மேனேஜர் "என்ன அண்ணாச்சி, குடுத்துட்டோம்னு சொல்லுதாங்க, ஒரு கால்கூட வர மாட்டக்கு"ன்னு பக்கத்துலயே நிக்காரு. லைன் வர்ற ரெண்டு பிஎன்சி கேபிளையும் கழட்டிட்டு, சின்ன துண்டு கேபிளால கார்டோட டிரான்ஸ்மிட்டையும் (அனுப்புற முனை) ரிசீவையும் (வாங்குற முனை) சேத்து லூப் போட்டேன், ஃப்ரேம் அலாரம் உடனே போயிருச்சு. அப்போ நம்ம கார்டு நல்லாத்தான் இருக்கு, வெளிய இருந்து சிக்னலும் வருது, அதுல ஃப்ரேம்தான் இல்ல. லைன் குடுத்தவங்க டேட்டாவுக்குன்னு நெனச்சு அன்சேனலைஸ்டா, அதாவது சேனல் பிரிக்காம, குடுத்துருக்காங்க.

நம்ம நாட்டுல வாங்குற ஈ1 லைன் செகண்டுக்கு 2.048 மெகாபிட். சேனலைஸ்டுன்னா அத 32 டைம்ஸ்லாட்டா, வயலுக்கு பாத்தி கட்டுற மாதிரி பிரிச்சிருப்பாங்க, ஒண்ணுக்கு 64 கிலோபிட், ஏன்னா குரல செகண்டுக்கு 8000 தடவ அளந்து தடவைக்கு 8 பிட்டா அனுப்புறாங்க. 0வது ஸ்லாட் ஃப்ரேம் எங்க ஆரம்பிக்குன்னு காட்ட, பிஆர்ஐல (எக்ஸ்சேஞ்சுக்கு ஃபோன் பேச எடுக்குற ஈ1 இணைப்பு) 16வது ஸ்லாட் சிக்னலிங்குக்கு, அதாவது கால் போட, கட் பண்ண, மிச்சத்துல 30 பேர் ஒரே நேரத்துல பேசலாம். அன்சேனலைஸ்டுல பாத்தியே கிடையாது, மொத்தமும் ஒரே ஓட்டமா ரூட்டருக்குப் போகும், எக்ஸ்சேஞ்சுக்கு அது ஒண்ணும் புரியாது. (நெட்ல 24 சேனல்னு படிச்சா கொழம்பாதீங்க, அது அமெரிக்காவோட டி1, 1.544 மெகாபிட்.)

திருத்தி பிஆர்ஐயா குடுக்க நாலு நாள் ஆச்சு. அதுவரைக்கும் பழைய ரெண்டு லேண்ட்லைன்தான், அம்பாசமுத்திரம், ஆலங்குளத்துல இருந்து டோக்கனுக்கு அடிச்சவங்களுக்கு பூரா பிஸி டோன். வயசானவங்க விடியக்காலைல பஸ் ஏறி நேராவே வந்து நின்னாங்க, எனக்கு மனசே கேக்கல.

அதனால ஃபோனுக்குன்னா 'சேனலைஸ்டு, பிஆர்ஐ, 30 சேனல்'னு ஃபார்ம்லயே எழுதி வாங்குங்க. ரெண்டு பிராஞ்சுக்கு நடுவுல டேட்டாவுக்குன்னா அன்சேனலைஸ்டு போதும், ஆனா ரெண்டு முனை ரூட்டர்லயும் ஒரே மாதிரி வைக்கணும், ஒரு பக்கம் 1-31 ஸ்லாட்டுன்னு போட்டு மறுபக்கம் முழுசா விட்டா லிங்க் வரவே வராது. சிஆர்சி4 (ஃப்ரேம்ல தப்பு வருதான்னு பாக்குற செக்) ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்காங்குறதையும் அப்பவே கேட்டுருங்க, லைன் மாட்ட வர்ற பையன்கிட்ட அந்த விவரம் இருக்காது.