வாய்மொழி உத்தரவுக்கு வவுச்சர் உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன், கூட்டுறவு அமைப்பு ஒன்றின் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, தளவாடக் கொள்முதல் கோப்பு ஒன்றை எழுத்தர் என் முன் வைத்தார். விலைப்புள்ளிகள் மூன்றும் ஒரே தட்டச்சில், ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தன என்பது தனிக்கதை. என்னை நிறுத்தியது, குறிப்புத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஒரு வரி: "தலைவர் நேரில் சொன்னபடி." காசோலை 11ஆம் தேதியே போய்விட்டது, கொள்முதல் குழு கூடியதாகத் தீர்மானப் புத்தகம் சொன்ன தேதியோ 19. "பின்னேற்பு வாங்கிட்டோமே சார்" என்றார் எழுத்தர், அதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு.

பட்டயக் கணக்காளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்ததில், பொதுப்பணம் கைமாறும் இடங்களில் பெரும்பாலான கோளாறுகள் இந்த ஓரக்குறிப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. இதே கோளாறு, ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அளவில், 1957இல் மக்களவை முன் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சிக்காரர், போதாததற்குப் பிரதமர் நேருவின் மருமகன். அவருடைய அன்றைய பேச்சை நாவன்மைக்காக நினைவுகூர்கிறவர்கள் பலர். ஒரு தணிக்கையாளன் கண்ணுக்கு அது வேறாகத் தெரிகிறது: தேதி, விலை, உத்தரவு என்ற மூன்றையும் அடுத்தடுத்து வைத்து எழுதப்பட்ட நல்ல தணிக்கைப் பத்தி அது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956 செப்டம்பர் 1 அன்று, 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவானது. நாடெங்கும் சிறுகச் சிறுகக் கட்டப்பட்ட பிரீமியப் பணம் ஒரே கல்லாவில் சேர்ந்தது. ஆனால் கழகத்தின் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் சட்டம் ஒப்படைக்கவில்லை. அன்றைய 25ஆம் பிரிவின்படி அரசின் ஒப்புதலோடு கழகமே தன் தணிக்கையாளர்களை நியமித்துக்கொண்டது. அரசுப் பணத்தின் வழக்கமான காவலர் நுழையாத அந்த இடத்தில் நாடாளுமன்றத்தின் கேள்வி நேரமே தணிக்கை அறையாக வேண்டியிருந்தது.

பத்து மாதம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில், கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவோடு தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் அண்ட் க்ரடாஸ், ஜெஸ்ஸப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் முதலியவை அவற்றுள் அடங்கும். முதலீட்டுக் குழு என்று ஒன்று கழகத்துக்கு இருந்தது; அதனிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை.

செப்டம்பரில் அவையில் கேள்வி எழுந்தது. சந்தை விலையைவிடக் கூடுதல் விலைக்குப் பங்குகள் வாங்கப்பட்டனவா என்று கேட்டபோது, அப்படி இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. பெரும்பாலான உறுப்பினர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். பெரோஸ் காந்தி உட்காரவில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு எதிரான ஆவணங்களைத் தேடிப் போனார். டிசம்பர் 16 அன்று விவாதத்தைத் தொடங்கியபோது, நிதியமைச்சருக்கும் அமைச்சகச் செயலாளருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து வரை அவர் கையில் இருந்தது. வாங்குவதற்கு முந்தைய நாட்களில் அந்தப் பங்குகளின் விலை எப்படி ஏறியது என்பதைத் தேதிவாரியாக எடுத்து வைத்தார். நாடாளுமன்றம் தான் உருவாக்கிய மிகப் பெரிய நிதி நிறுவனத்தைத் தானே கண்காணிக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் அடித்தளம். ஏசல் இல்லை என்று சொல்லமாட்டேன், இருந்தது. ஆனால் ஏசலைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு நிற்கும்.

விசாரணைக்குப் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா நியமிக்கப்பட்டார். பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, வெளியே நின்றவர்களுக்காக ஒலிபெருக்கி வைத்து, 1958 பிப்ரவரி 10இல் அறிக்கையை முடித்துக் கொடுத்தார். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் ஆணையங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த வேகமே ஒரு செய்தி. கல்கத்தா பங்குச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்ற சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. அமைச்சர் சம்மதித்தாரா, செயலாளர் தாமாகவே செய்தாரா என்பதில் இருவரும் இருவேறு விதமாகச் சொன்னார்கள். சட்டத்தின் 21ஆம் பிரிவு, பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் அரசு கழகத்துக்கு எழுத்துமூலமாகவே நெறிகாட்ட வேண்டும் என்கிறது. அப்படி ஓர் எழுத்து இல்லை. இருந்திருந்தால் 'அவர் சொன்னார், நான் சொல்லவில்லை' என்ற வழக்கே எழுந்திருக்காது. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அரசமைப்பு முறைப்படி பொறுப்பேற்க வேண்டும் என்று சாக்ளா முடித்தார்.

அந்த அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சென்னைக்காரர், கூர்மையான நிர்வாகி. அவர் பதவி விலகினார். அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பிரதமரே படிக்க நேர்ந்தது. செயலாளரின் தவற்றுக்கு அவர் பலியானார் என்ற ஆதங்கம் எங்கள் தொழில் வட்டத்து மூத்தவர்களிடம் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கோப்பில் கையெழுத்து இல்லாதது ஒருவரைக் காப்பாற்றும் என்றால், எவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். பின்னர் 1963இல் அவர் மீண்டும் நிதியமைச்சரானார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரோஸ் காந்தியின் இன்னொரு பங்களிப்பு இந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1955 டிசம்பரில் தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் முறைகேடுகளைப் பற்றி அவர் ஆற்றிய நீண்ட உரை, தேசியமயத்துக்கு முன்னோடியானது. அவைக்குள் பேசுகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதை அச்சிடும் பத்திரிகைக்கு அதே பாதுகாப்பு இல்லை. இந்த ஓட்டையை அடைக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது 1956இல் சட்டமானது. அவை நடவடிக்கைகளைச் சாராம்சத்தில் உண்மையாகவும் தீய நோக்கமின்றியும் வெளியிடுவோர் மீது வழக்குத் தொடர முடியாது என்றாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அவருடைய மனைவி பிரதமராக இருந்தபோது அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1977இல் மீண்டும் இயற்றப்பட்டது. பிறகு 44ஆவது திருத்தத்தின் வழியாக 361ஏ பிரிவாக அரசமைப்புக்குள்ளேயே வந்து, சட்டமன்றங்களின் நடவடிக்கைகளுக்கும் அதே காப்பு கிடைத்தது.

என்னிடம் பயிற்சிக்கு வரும் இளைஞர்களிடம் அவைக்குறிப்புகளை எடுத்துப் படிக்கச் சொல்வதுண்டு. 1952 முதலான மக்களவை விவாதங்கள் நாடாளுமன்றத்தின் எண்ணிம நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடைக்கின்றன. படிக்கும்போது பேச்சைவிடப் பதிலைக் கவனியுங்கள் என்பேன். "எவ்வளவு, எந்தத் தேதியில், யார் ஒப்பளித்தது" என்று கேட்ட உறுப்பினருக்குத் திட்டத்தின் நோக்கத்தை ஒரு பக்கம் விவரித்து எழுதியிருந்தால், கேட்ட மூன்றில் ஒன்று அமைச்சகத்திடம் இல்லை என்று கொள்ளலாம். "தகவல் திரட்டப்படுகிறது, அவை முன் வைக்கப்படும்" என்றிருந்தால் அது தள்ளிப்போடும் வாசகம் மட்டுமல்ல. உறுதிமொழியாகப் பதிவாகி, 1953இலிருந்து இயங்கும் அரசு உறுதிமொழிக் குழுவின் பட்டியலுக்குப் போகக்கூடியது. உங்கள் தொகுதி உறுப்பினர் அதைத் தொடர்ந்து கேட்டாரா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். எத்தனை கேள்வி கேட்டார் என்ற எண்ணிக்கையை வைத்து உறுப்பினர்களை மதிப்பிடும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே விஷயத்தில் இரண்டாவது கேள்வி கேட்டவர் எத்தனை பேர் என்று எண்ணினால் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும்.

அந்தக் கூட்டுறவு அமைப்புக்கு மறு ஆண்டும் போனேன். தணிக்கைத் தடைக்குப் பதில் தயாராக இருந்தது: வாய்மொழி உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. கோப்பை வாங்கிப் பார்த்தேன். பென்சில் வரி இல்லை. அந்த இடத்தில் தாள் மட்டும் ரப்பர் தேய்த்துச் சற்று மெலிந்திருந்தது. முந்தைய ஆண்டே எடுத்து வைத்திருந்த ஒளிநகலைப் பையிலிருந்து எடுத்து, கோப்பின் பக்கத்தில் வைத்தேன்.