கார் ஏசியில் சூடான காற்று: கேஸ் மட்டும்தான் காரணமா?

கார் ஏசியில் வெதுவெதுப்பான காற்று வரத் தொடங்கினால், யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: “கேஸ் தீர்ந்திருக்கும், அடிச்சிடுங்க.” சில சமயம் அது சரியாகவும் அமைந்துவிடும். ஆனால் ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் துளித்துளியாகக் கசிவது இயல்பு. அதனால் பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் குளிர்ச்சி மந்தமாகலாம். போன கோடையில் அடித்த கேஸ் இந்தக் கோடையில் காணவில்லை என்றால் அது இயல்பு இல்லை, எங்கோ ஓட்டை இருக்கிறது. அதற்கும் முன்னால், குறைந்திருப்பது கேஸ்தானா என்று பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற குளிரூட்டி, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் அது கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். அழுத்தத்தை அளக்கும் கேஜில் 28 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும்போது 0 டிகிரியிலும், 200 பி.எஸ்.ஐ. காட்டும்போது சுமார் 55 டிகிரியிலும் கொதிக்கும். முழு ஏசியும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஓடுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தம் குறைவு. அங்கே திரவம் 0 டிகிரியை ஒட்டிக் கொதித்து, புளோயர் தள்ளும் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆவியான கேஸைக் கம்ப்ரசர் இழுத்து அமுக்கி, முன்பக்கக் கண்டென்சருக்கு அனுப்புகிறது. வெளியே 40 டிகிரி வெயில் இருந்தாலும், 55 டிகிரியில் இருக்கும் கேஸுக்கு அது குளிர்ந்த காற்றுதான். வெப்பத்தை விட்டுவிட்டு கேஸ் மறுபடி திரவமாகி, எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளை வழியாகப் பீய்ச்சப்பட்டு, திரும்பவும் கூலிங் காயிலுக்கு வருகிறது.

இந்தச் சுற்றில் எங்கே தடங்கல் என்பதைச் சீட்டில் உட்கார்ந்தபடியே ஓரளவு ஊகிக்கலாம். வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? கண்டென்சருக்குப் போதிய காற்று போகவில்லை. ஃபேன் சுற்றவில்லை, அல்லது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சருகும் மண்ணும் அடைத்திருக்கிறது. முதலில் நன்றாகக் குளிர்ந்து, போகப்போகக் காற்றின் வேகமே குறைகிறதா? கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கும். அழுக்கேறிய கேபின் ஃபில்டரோ காயிலின் சென்சாரோ காரணமாக இருக்கலாம். காற்றின் வேகம் குறையாமல், குளிர் மட்டும் விட்டுவிட்டு வந்தால், குழாய்களுக்குள் ஈரம் புகுந்து எக்ஸ்பேன்ஷன் வால்வில் உறைகிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்து போனட்டைத் திறந்து, எஞ்சினும் ஏசியும் ஓடும்போது, ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையை விலக்கி வைத்துக்கொண்டு, கேபினுக்குள் நுழையும் தடித்த அலுமினியக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்று வியர்த்திருந்தால் குளிரூட்டும் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். அப்படியும் உள்ளே சூடான காற்று வந்தால், ஹீட்டர் காற்றையும் ஏசி காற்றையும் பிரித்துவிடும் பிளாஸ்டிக் கதவு சிக்கியிருக்கலாம். டேஷ்போர்டுக்குள் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால், அந்தக் கதவை அசைக்கும் குட்டி மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த வண்டிக்கு எவ்வளவு கேஸ் அடித்தாலும் பயனில்லை.

குழாய் குளிரவில்லை என்றால் கம்ப்ரசரின் முகத்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்வரை புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் உள்ள கிளட்ச் தட்டு, ஏசி பட்டனைப் போட்டதும் ‘டக்’கென்று ஒட்டி, புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தேயத் தேய அது அகலும். தட்டை இழுக்கும் மின்காந்தக் காயில் சூடேறினால் அதன் காந்த இழுப்பும் குறையும். காலையில் நன்றாக வேலை செய்த ஏசி மதிய வெயிலில் கைவிடுவதற்கு இது ஒரு பழைய, பலருக்கும் தோன்றாத காரணம். (புதிய வண்டிகள் பலவற்றில் கிளட்ச்சே கிடையாது. உள்ளே இருக்கும் தட்டின் சாய்வை ஒரு வால்வு மாற்றுகிறது. அவற்றில் ‘டக்’ சத்தத்தை எதிர்பார்க்கக் கூடாது.)

தட்டு ஒட்டவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்கலாம். கேஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓட விடாது. ஒயரை நேரடியாக இணைத்து அதை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அதைவிடக் கெட்ட வைத்தியம் வேறில்லை. கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு கலந்தேதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயிலும் திரும்பாது. கம்ப்ரசர் தன்னைத்தானே அரைத்துக்கொண்டு உலோகத் தூளைக் கண்டென்சர்வரை தள்ளிவிடும். அதன் பிறகு ஒரு லீக்கை அடைப்பதோடு முடிந்திருக்கக்கூடிய வேலைக்குப் பாதி ஏசியை மாற்ற வேண்டும்.

கேஜ் மாட்டும் இடத்தில்தான் பெரிய குழப்பம். வண்டி நிற்கும்போது அழுத்தத்தைப் பார்த்துவிட்டு “கேஸ் ஃபுல்லா இருக்கு” என்று சொல்வதை நம்பாதீர்கள். வீட்டு சமையல் சிலிண்டர் போலத்தான்: உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை, அழுத்தத்தை நிர்ணயிப்பது வெப்பநிலைதான், அளவு இல்லை. 30 டிகிரியில் ஆர்-134ஏ சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும். பாதி கேஸ் போயிருந்தாலும் அதையே காட்டலாம்.

ஏசி ஓடும்போது லோ சைடு (அழுத்தம் குறைந்த கூலிங் காயில் பக்கம்), ஹை சைடு (அழுத்தம் கூடிய கண்டென்சர் பக்கம்) இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் குறைவு என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடிவிட்டது, உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது கண்டென்சர் ஃபேன் ஓடவில்லை. லோ சைடு ஏறி ஹை சைடு இறங்கி, இரண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரசர் அமுக்கும் சக்தியை இழந்துவிட்டது. லோ சைடு பூஜ்ஜியத்துக்கும் கீழே போனால் வழியில் எங்கோ அடைப்பு.

லீக் என்று தெரிந்தால் முதலில் தேட வேண்டியது எண்ணெய்க் கறையை. கேஸ் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் கூட வரும் ஆயில் இணைப்பில் தங்கி, அதன்மேல் தூசி ஒட்டி, கருப்புத் திட்டாக நிற்கும். கல் பட்ட கண்டென்சர், காய்ந்துபோன ஓ-ரிங், கேஸ் ஏற்றும் வால்வின் பின் ஆகியவை வழக்கமான இடங்கள். வால்வில் சோப்பு நுரையை வைத்தால் குமிழி வருவது அப்போதே தெரியும். நுண்ணிய லீக்குக்குப் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயமோ மின்னணுக் கருவியோ தேவை.

சரிசெய்த பிறகு வேக்கம் போடுவதை, அதாவது குழாய்களுக்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுப்பதை, அவசரப்படுத்தக் கூடாது. காற்றழுத்தத்தை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தால், தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுவது அப்படித்தான். வேக்கம் பம்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் ஏறினால் லீக் மிச்சம் இருக்கிறது. ஏறாவிட்டாலும் முழு உத்தரவாதம் இல்லை. சில சீல்கள் வெளிப்பக்க அழுத்தத்தில் மூடிக்கொண்டு, உள் அழுத்தத்தில்தான் கசியும். நைட்ரஜனை ஏற்றிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். சரியான அளவு போனட்டின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். அதிகமாக ஏற்றினால் திரவம் கண்டென்சரை நிறைத்துக்கொண்டு குளிர்ச்சி குறையும். எந்தக் கேஸ் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ போடக் கூடாது. அது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது என்பதே காரணம். அதன் இடத்துக்கு வந்த ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பற்றக்கூடியது, இரண்டையும் கலக்கவே கூடாது. ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆயிலும் வேறு. அங்கே மோட்டார் கம்ப்ரசருக்குள்ளேயே உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால், மின்சாரம் கடத்தாத ஆயில் மட்டுமே ஊற்றப்படுகிறது. சாதாரண வண்டிக்குப் பயன்படுத்திய ஹோஸை அப்படியே மாட்டினால், அதில் ஒட்டியிருக்கும் பழைய ஆயிலே மின்காப்பைக் கெடுக்கப் போதும்.