கொலோபன்: தமிழில் முடிக்குறிப்பு

அரிய நூல், சுவடி, அச்சு வரலாறு என்று நாலைந்து நாள் நடக்கும் குறும்பயிற்சி எதில் உட்கார்ந்தாலும் தப்பாமல் காதில் விழும் சொல் கொலோபன். 1983இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி 1992இல் வர்ஜீனியாவுக்கு இடம் மாறிய அரிய நூல் பள்ளி ஆனாலும் சரி, சேலத்தில் ஏதோ ஒரு கல்லூரித் தமிழ்த்துறை நடத்தும் பயிலரங்கு ஆனாலும் சரி, இந்தச் சொல் இல்லாமல் பாடம் நகராது. கேட்டுவிட்டு வரும் பிள்ளைகளில் சிலர் ‘முடிவுரை’ என்று குறித்து வைக்கிறார்கள், சிலர் பதிப்பகத்தின் சின்னம் என்கிறார்கள். முதலாவது தவறு. இரண்டாவது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பொருள்.

நூல் முடிந்த பிறகு, அதைப் படியெடுத்தவரோ அச்சிட்டவரோ தொகுத்தவரோ சேர்க்கும் சில வரிகள்தான் கொலோபன். யார் செய்தது, எந்த ஊரில், எந்த நாளில், யார் கேட்டு என்ற விவரம் அதில் இருக்கும். முடிவுரை நூலாசிரியருடையது, நூலின் பொருளைப் பேசுவது. இது வேலை செய்து முடித்தவர் போடும் கையெழுத்து மாதிரி.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே கொலோபோன் என்றால் உச்சி, சிகரம், அதிலிருந்து ஒரு வேலையின் நிறைவு. இன்றைய துருக்கியில் இஸ்மீருக்குத் தெற்கே அதே பெயரில் ஒரு பழைய நகரமும் இருந்தது. அந்த ஊர்க் குதிரைப்படை எந்தப் பக்கம் சேர்ந்ததோ அந்தப் பக்கத்துக்கு வெற்றியோடு போர் முடிந்துவிடும், அதனால்தான் ‘கொலோபோன் போட்டான்’ என்றால் முடித்துவைத்தான் என்று பொருள் வந்தது எனப் பழைய கிரேக்கப் புவியியல் ஆசிரியர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சிகரம் என்ற பொருளே போதும், குதிரை தேவையில்லை என்பது என் கட்சி.

அச்சு நூல்களில் தேதியோடு கூடிய முதல் கொலோபன் 1457இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பூஸ்ட், ஷோஃபர் இருவரும் அச்சிட்ட விவிலியச் சங்கீத (துதிப்பாடல்) நூலில் இருக்கிறது. கையால் எழுதாமல் புதிய உத்தியால் அச்சிட்டது என்று பெருமையடித்துக்கொள்ளும் அந்த வரிகளிலேயே ‘ப்சால்மோரும்’ (psalmorum) என்று வரவேண்டிய லத்தீன் சொல்லின் முதலெழுத்துகள் இடம் மாறி ‘ஸ்பால்மோரும்’ (spalmorum) என்று விழுந்துவிட்டது. ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் அச்சுப் பிழைக்கு எடுத்துக்காட்டாக அது ஓடிக்கொண்டிருக்கிறது, பாவம்.

சரி, நம் பக்கம் வருவோம். ஓலையில் இது புதிதே இல்லை. ஆண்டு, மாதம், நாள், கிழமை, நட்சத்திரம் சொல்லி, இன்னார் எழுதி நிறைந்தது என்று கடைசி ஏட்டில் இருக்கும். ௵, ௴, ௳ என்று ஆண்டுக்கும் மாதத்துக்கும் நாளுக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. இதில் ஒரு சிக்கல்: வெறும் ‘விபவ’ ஆண்டு என்று போட்டிருந்தால் அது 1808ஆ, 1868ஆ, 1928ஆ என்று தெரியாது, அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். எண்ணால் தொடர்ந்து போகும் சக ஆண்டோ கொல்லம் ஆண்டோ கூட இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் கிழமையையும் நட்சத்திரத்தையும் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பார்க்கவேண்டும்.

தொகை நூல்களைப் பாருங்கள். குறுந்தொகையின் இறுதியில் ‘இத்தொகை முடித்தான் பூரிக்கோ’ என்று வருகிறது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்பதும் இப்படிப்பட்ட குறிப்பால் தெரிந்ததுதான். புறநானூற்றுக்கு அந்த விவரம் கிடையாது. அதன் 400ஆம் பாட்டே சிதைந்துதான் கிடைத்தது. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் போய்விட்டன. கட்டின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ஏடுகள்தான் முதலில் முறியும், கொலோபன் இருப்பதும் அங்கேதான்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியார்தான் உ.வே.சாமிநாதையரிடம் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் படித்தது போதுமா, சிந்தாமணி படித்ததுண்டா என்ற வகையில் கேட்டு அவரைப் பழைய நூல்களின் பக்கம் திருப்பியவர். அவர் பதிப்பில் சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது, 1894இல் புறநானூறு, 1903இல் ஐங்குறுநூறு. மேலே சொன்ன கூடலூர் கிழார் பெயர் அச்சேறி நம் கைக்கு வந்தது அந்த வழியில்தான்.

இப்போது தமிழ்ச் சொல். ‘பிற்குறிப்பு’ என்கிறார்கள், அது கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே மறந்துபோனதை எழுதுவது. ‘இறுதிக் குறிப்பு’ என்றால் ஆய்வு நூலின் கடைசியில் வரும் சான்றுக் குறிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘புஷ்பிகா’ வடமொழிச் சுவடிக்காரர்கள் சொல், அவர்களுக்கு அது பொருந்தும். நான் எழுதுவது ‘முடிக்குறிப்பு’. ஏற்காட்டுப் பக்கம் மலையுச்சியையும் முடி என்போம், வேலையைத் தீர்ப்பதும் முடிப்பதுதான், கிரேக்கச் சொல்லில் இருக்கும் இரண்டு பொருளும் தமிழில் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. பூரிக்கோவுக்கும் ‘முடித்தான்’ என்றுதானே போட்டார்கள்?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளிலோ மலை ஊர்களிலோ பரணில் வைத்திய ஏடு, சோதிட ஏடு கிடந்தால், மருந்தும் சாதகமும் மட்டும் எழுதிக்கொண்டு கடைசி ஏட்டைத் தள்ளிவிடாதீர்கள். கட்டை அவிழ்க்கும் முன்பே முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் படம் எடுத்து வையுங்கள், பலகையும் கயிறும் உட்பட. எண்ணெய் தடவும் யோசனை வேண்டாம், அதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

புத்தக முதுகில் இருக்கும் சிறு ஓவியத்தைக் கொலோபன் என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. தமிழில் அதைப் பதிப்பகச் சின்னம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், முடிக்குறிப்பை அதனோடு கலக்கவேண்டாம்.