கவரைப் பிரிக்கும் முன்: கோமாளி மீனைக் கடல்நீர்த் தொட்டியில் பழக்குவது

கோமாளி மீன் லேசில் சாகிற மீன் அல்ல. நல்ல தொட்டியில் பத்து ஆண்டைத் தாண்டியும் இருக்கும். ஆனாலும் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. சாயங்காலம் பார்சல் வந்தது, கவரைப் பிரித்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுப் பழக்கினோம், விடிந்து பார்த்தால் மீன் அடியில் கிடக்கிறது. அத்தனை பொறுமையாகச் செய்தும் போய்விட்டதே என்று வருந்துகிறார்கள். அந்த இரண்டு மணி நேரமே மீனைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம்.

சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ இரவு முழுக்கப் பயணப்பட்டு வரும் கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். மீன் வெளிவிடும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் அந்தத் தண்ணீரிலேயே கரைகிறது. நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 8.2 இருக்க வேண்டியது, 7க்கும் கீழே இறங்கிவிடும். கூடவே கழிவு அம்மோனியாவும் ஏறிக்கொண்டே போகும். பிஎச் தாழ்ந்திருக்கும்வரை அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியமாகத்தான் இருக்கும். செவுளை எரிக்கும் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. கவரைப் பிரித்ததும் வாயு பறக்கிறது, பிஎச் ஏறுகிறது. தொட்டித் தண்ணீர் சொட்டச் சொட்ட இன்னும் வேகமாக ஏறும். 8.2 பிஎச்சில், 27 டிகிரி வெப்பத்தில், அதே அம்மோனியாவில் நூற்றில் ஆறு ஏழு பங்கு நச்சாக மாறிவிடும். பிரித்த கவருக்குள் ஏர் கல்லைப் போடுகிறவர்கள் இந்த மாற்றத்தை இன்னும் விரைவுபடுத்துகிறார்கள்.

ஆகவே நெடுந்தூரம் வந்த மீனுக்குச் சொட்டுமுறை வேண்டாம். அனுப்புகிறவரிடம் முந்தின நாளே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் தொட்டியில் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (உப்பின் அளவைக் காட்டும் நீரடர்த்தி எண்) எவ்வளவு? உப்பைச் சிக்கனப்படுத்தவும் ஒட்டுண்ணியை அடக்கவும் பல கடைகளில் 1.018, 1.020 என்று தாழ்த்தியே வைத்திருப்பார்கள். புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்க வீட்டில் தயாராக இருக்கும் குவாரன்டைன் தொட்டியையும் அதே அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். மீன் வந்ததும் அறை விளக்கை அணைத்து, கவரைப் பிரிக்காமலே இருபது நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகிவிடும். பிறகு கவரைக் கத்தரித்து, ஒரு சொட்டை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் 0.002க்குள் இருந்தால் மீனைக் கையாலோ சின்னக் கப்பாலோ எடுத்து நேராகத் தொட்டியில் விடலாம். கவர்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. பிரித்ததிலிருந்து மீன் தொட்டிக்குள் போகும்வரை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவேண்டியதில்லை.

வித்தியாசம் அதிகமாக இருந்தால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். உப்பு கூடிய நீரிலிருந்து குறைந்த நீருக்கு மாறுவதை மீன் பெரும்பாலும் தாங்கும். குறைந்ததிலிருந்து கூடியதற்குச் சட்டென்று மாறினால் உடம்பின் நீரை இழந்து ஓரிரு நாளில் சாகும். வாங்கியவர் நோய் என்று நினைத்துக்கொள்வார். அதனால் குவாரன்டைன் தொட்டியின் உப்பைக் கவருக்கு ஏற்ப இறக்கிவிட்டு, பிறகு நாளொன்றுக்கு 0.001 அல்லது 0.002 வீதம் 1.025 வரை ஏற்றுங்கள். ஆவியாகிப் போன நீருக்குப் பதில் உப்பு நீர் ஊற்றி வந்தாலே போதும், தானாக ஏறும்.

திருவனந்தபுரத்தில் வாங்கி இரண்டு மணி நேரத்தில் வீடு சேரும் மீனுக்கு இந்தக் கவலை இல்லை. அதற்குச் சொட்டுமுறை சரிதான். ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு நொடிக்கு நான்கு சொட்டு விழவிட்டால் முக்கால் மணி நேரத்தில் அரை லிட்டர் சேரும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குவாரன்டைன் தொட்டி என்றதும் செலவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாற்பது லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ, மூடி. இவ்வளவுதான். மணல் வேண்டாம், கல் வேண்டாம். இரண்டும் மருந்தை உறிஞ்சும். ஸ்பான்ஜை மட்டும் மூன்று நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியின் ஃபில்டர் பகுதியில் போட்டு ஊறவைத்துவிட வேண்டும். அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஏறாத புது ஸ்பான்ஜ் முதல் வாரத்தில் எதற்கும் உதவாது. அம்மோனியா டெஸ்ட் கிட்டில் 0.25 தெரிந்தாலே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முப்பது நாள் இங்கேதான் மீன் இருக்க வேண்டும்.

முதல் இரவு பலரைப் பயமுறுத்தும். கோமாளி மீன் மூலையில் சாய்ந்து கிடக்கும், மேல்மட்டத்தில் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு தூங்கும், அடுத்த நாள் தின்னாது. இவை இயல்பு. முதல் நாள் தீனி போடாதீர்கள். இரண்டாம் நாளிலிருந்து ஒரு மில்லிமீட்டர் பெல்லட்டோ உறைநீக்கிய மைசிஸ் இறாலோ சிறிதளவு, நாளைக்கு இரண்டு வேளை. ஐந்து நிமிடத்தில் தின்னாததை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மூன்று நாளுக்கு மேலும் தின்னாமல், செவுளும் வேகமாக அடித்தால் கவலைப்பட வேண்டும்.

அப்போது தோலைப் பாருங்கள். உப்புத் தூள் ஒட்டியதுபோல் தனித்தனிப் புள்ளி என்றால் வெண்புள்ளி நோய். மாவு தூவியதுபோல் மெல்லிய படலம், வெளிச்சத்துக்கு ஒதுங்குதல், பம்ப் நீரோட்டத்துக்கு முன்னால் போய் நிற்றல் என்றால் வெல்வெட் நோய். இரண்டுக்கும் செம்பு மருந்து கேட்கும்: அயனிச் செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், குறைந்தது மூன்று வாரம், தினமும் டெஸ்ட் செய்து. வேறொரு சேர்மத்தோடு கட்டிய கீலேட் வகைச் செம்பு என்றால் அளவு வேறு. பாட்டிலில் உள்ளபடி போடுங்கள். செம்பு இருக்கும்போது அம்மோனியாவைக் கட்டும் திரவங்களை ஊற்றக் கூடாது, செம்பின் நச்சு கூடிவிடும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது: புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. கோமாளி மீனைத் தேடி வருவது இதுதான். தலையிலும் பக்கங்களிலும் கெட்டியான வெள்ளைச் சளி, திட்டுத் திட்டாக உரியும். ஓரிரு நாளில் கொன்றுவிடும், செம்புக்கு அசையாது. வெண்புள்ளி என்று நினைத்துச் செம்பு போட்டுக் காத்திருந்தவர்கள் இழந்த மீன்கள் நிறைய. இதற்கு ஃபார்மலின் குளியல்தான். 2018 ஜூனில் கேரள எல்லையில் அமரவிளை, ஆரியங்காவு சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டதிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே எல்லைப் பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். சமையல் மீனில் அதற்கு இடமில்லை என்பது சரிதான், இங்கே அது மருந்து. பத்து லிட்டர் உப்பு நீரில் 37 சத ஃபார்மலின் 1.5 மில்லி, அரை மணி நேரம், ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓட வேண்டும். ஃபார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். மீன் சாய்ந்தால் உடனே எடுங்கள். குளியல் முடிந்ததும் பழைய தொட்டிக்குப் போகாமல் வேறு சுத்தமான நீருக்குப் போக வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்பச் செய்யலாம். கையுறை போட்டு, சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பாட்டிலடியில் வெள்ளை வண்டல் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம், அது மீனுக்கு இன்னும் கொடியது.

இனி பெரிய தொட்டித் தண்ணீர். கடல் பக்கத்தில் இருக்கும்போது உப்பு வாங்குவானேன் என்று கேன் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகம். செய்யலாம், ஆனால் எப்போது, எங்கே என்பது முக்கியம். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் இங்கே பெய்கிறது. மழைக்காலத்தில் தேங்காய்ப்பட்டணம் ஆற்று முகத்தில் மொண்ட நீர் பாதி ஆற்று நீராகவே இருக்கும். குளச்சல் துறைமுகத்து நீரில் டீசல் படலம். பிப்ரவரி, மார்ச்சில், ஆறும் துறைமுகமும் இல்லாத பாறைக் கரையில், முடிந்தால் படகில் கொஞ்சம் உள்ளே போய் எடுப்பதே நல்லது. துணியில் வடிகட்டி, மூடிய பீப்பாயில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அடிவண்டலை விட்டு மேல் நீரை மட்டும் எடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கடல் உப்புக் கலவையே மேல். ஆர்ஓ நீரில் 100 லிட்டருக்கு 3.6 முதல் 3.8 கிலோ. வீட்டுக் குடிநீர் ஆர்ஓவில் சுவைக்காகக் குழாய் நீரைத் திரும்பக் கலக்கும் திருகு இருக்கும், அதை மூடிவிட்டுப் பிடியுங்கள். கரைந்த உப்புகளின் அளவான டிடிஎஸ் பத்துக்குள் வர வேண்டும். சாமித்தோப்பு உப்பளத்து உப்பைக் கரைத்தால் ஆகாதா என்றால், ஆகாது. உப்பளத்தில் கால்சியம் முதலிலேயே படிந்து பிரிந்துவிடும், மெக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு போய்விடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலும் தொட்டிக்கு ஆகாது. கண்ணாடி துடைக்கும் காந்தக் கிளீனரில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீறும்.

கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து தொட்டி முதிர நான்கு முதல் ஆறு வாரம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா சேர்த்தால் 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். அதுவரை மீன் வாங்காதீர்கள். கோமாளி மீனையே போட்டு முதிர வைக்கலாம் என்று சொல்லும் கடைக்காரரிடம் வேறு எதையும் வாங்காமலிருப்பது நல்லது.

வெப்பம் 25 முதல் 27 டிகிரி. ஏப்ரலில் அறையே 32 ஆகிவிடும். நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆவியாவதும் கூடும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு இல்லை. அதனால் பெரிய தொட்டியில் ஈடுகட்ட ஆர்ஓ நீரைத்தான் ஊற்ற வேண்டும். ஜூன் ஜூலையில் காற்று ஈரமாக இருக்கும்போது ஃபேன் அவ்வளவாகக் குளிர்விக்காது. மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கட்டாயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை என்பது இங்கே யாருக்கும் மறந்திருக்காது.

ஜோடியாக வேண்டும் என்று கேட்பார்கள். கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும், கூட்டத்தில் பெரியதும் வலியதும் பெண்ணாக மாறும். ஆகவே ஒரே இனத்தில், அளவு வித்தியாசம் தெரியும் இரண்டு குஞ்சுகளை ஒன்றாக வாங்குங்கள். சின்னது உடம்பை நடுக்கிக் காட்டினால் பணிந்துவிட்டது என்று பொருள், வலிப்பு அல்ல. வளர்ந்த பெண் மீன் இரண்டைச் சேர்த்துவிட்டால் ஒன்று சாகும்வரை கடிக்கும்.

கடலில் பிடித்ததைவிடத் தொட்டியில் பொரித்த குஞ்சு பெல்லட் தின்னப் பழகியிருக்கும், ஒட்டுண்ணியும் குறைவு. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்கள் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியைச் செய்து காட்டியிருக்கின்றன. பவழக் கல் மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவழம் இருக்கிறது, செத்த பவழமும் வழக்கில் மாட்டிவிடும். செராமிக் கல், சிமென்ட் வார்ப்புக் கல் போதும்.

கடலில் அது ஒளிந்து வாழும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமல் கோமாளி மீன் வாழாது என்பதும் தவறு. வீட்டுத் தொட்டியில் மீனைக் கொத்த வரும் பெரிய மீன் இல்லை. பானைத் துண்டிலோ பம்ப் மூலையிலோ குடியேறிவிடும். சாமந்திக்கு வலுவான வெளிச்சமும் ஒரு வருடம் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். புதுத் தொட்டியில் வைத்தால் ஊர்ந்து போய்ப் பம்பின் உறிஞ்சு வாயில் சிக்கி அரைபட்டு, ஒரே இரவில் தண்ணீரையே கெடுத்துவிடும்.

முப்பதாம் நாள் மீன் நன்றாகத் தின்று தோல் சுத்தமாக இருந்தால் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். உப்பும் வெப்பமும் முன்பே சமப்படுத்தியிருந்தால் கப்பால் எடுத்து நேரே விடலாம். தொட்டி மேல் ஆறு மில்லிமீட்டர் கண்ணி வலை மூடி இருக்கட்டும், முதல் வாரத்தில் துள்ளி வெளியே விழும். செம்பு பட்ட வலை, வாளி, டியூப் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். அவற்றைப் பெரிய தொட்டியில் நனைத்தால் இறாலும் நத்தையும் முதலில் போகும்.